ஹாஸ்டலில் ரொக்கமும் கொடுத்தேன், கார்டிலும் பணம் போனது: என்ன செய்யலாம்?

சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஏழு வாரங்களுக்கு முன் அவரும் அவருடைய சித்தி மகளும் செக் நாட்டின் பிராகில் ஒரு ஹாஸ்டலில் ஐந்து இரவுகள் தங்கினார்கள். இருவருக்கும் சேர்த்து வாடகை, அந்நாட்டுப் பணத்தில், 6,000 குரோனா. அதில் 900 குரோனாவை முன்பதிவுத் தளத்திலேயே கட்டிவிட்டார். மீதி 5,100, நகர வரி 500, ஆக 5,600 குரோனாவை ஹாஸ்டலில் கட்ட வேண்டியிருந்தது. வரவேற்பு மேசையில் கடன்பற்று அட்டையைச் செருகியதும், “சிங்கப்பூர் வெள்ளியா, குரோனாவா?” என்று இயந்திரம் கேட்டது. நம் பணத்திலேயே கட்டினால் குழப்பம் வராது என்று நினைத்து வெள்ளியைத் தேர்ந்தெடுத்தார். 362 வெள்ளி என்று காட்டிய திரை, சற்று நேரத்தில் பரிவர்த்தனை நிறைவேறவில்லை என்றது. மேசையில் இருந்தவர் ரொக்கமாகத் தரச் சொன்னார். வாசகி எதிரே இருந்த ஏடிஎம்மில் டெபிட் கார்டு வழி பணம் எடுத்து வந்து கொடுத்தார். ரசீது வாங்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு வந்த கார்டுக் கணக்கறிக்கையில் அதே 362 வெள்ளி இருந்தது. அதன் கீழே 3.62 வெள்ளி தனிக் கட்டணமாகவும் இருந்தது. ஹாஸ்டலுக்கு எழுதிக் கேட்டார். “எங்கள் பதிவின்படி நீங்கள் ரொக்கமாகக் கட்டிவிட்டீர்கள். கார்டில் எதுவும் எங்களுக்கு வரவில்லை. உங்கள் வங்கியைக் கேளுங்கள்” என்று பதில் வந்தது. கார்டை ரத்து செய்துவிடலாமா, மோசடி என்று புகார் செய்யலாமா, பயனீட்டாளர் சங்கத்துக்கோ சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கோ போகலாமா என்று கேட்கிறார். பிராகுக்குப் பிறகு ஜெர்மனியின் டிரெஸ்டனில் தங்கிய இடத்தில் கார்டுக்கு 2 விழுக்காடு கூடுதலாக வாங்கினார்களாம்; ஐரோப்பாவில் அது சட்டவிரோதம் என்று தோழி சொன்னது சரியா என்பது இன்னொரு கேள்வி. டிசம்பரில் தம்பியுடன் பேங்காக்குக்கும் சியாங் மாய்க்கும் போகிறார். “இனிமேல் எங்கும் ரொக்கம்தான்” என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் மனம் ஆறட்டும். இந்தப் பணம் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நாள் குறைவு, சொல்கிற முறையும் முக்கியம். கார்டில் கட்டியதாலோ ரொக்கம் கொடுத்ததாலோ இந்தச் சிக்கல் வரவில்லை. பணம் கைமாறிய நேரத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூட உங்கள் கைக்கு வராததுதான் காரணம். அந்தக் காகிதத்துக்கு ஈடானதை இப்போது நாம் சேர்க்க வேண்டும். அதில் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஹாஸ்டலின் பதில்தான் உங்கள் சாட்சி

அந்த மின்னஞ்சலை நீங்கள் மறுப்பாகப் படித்திருக்கிறீர்கள். வருத்தத்தில் அப்படித்தான் தோன்றும். முதல் வாக்கியத்தை மட்டும் மறுபடி படித்துப் பாருங்கள்: நீங்கள் ரொக்கமாகக் கட்டிவிட்டதாக அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் வாங்கத் தவறிய ரசீதின் வேலையை அந்த ஒரு வரி செய்யும். அழித்துவிடாதீர்கள். அனுப்புநர் முகவரி, தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து வையுங்கள்.

நடந்தது என்னவென்று ஓரளவு ஊகிக்கலாம். நீங்கள் கார்டைச் செருகியதும், ஹாஸ்டலின் வங்கி, விசா, மாஸ்டர்கார்டு போன்ற ஒரு கார்டு வலையமைப்பு, உங்கள் வங்கி என்ற வழியில் கோரிக்கை போகிறது. ஒப்புதல் அதே வழியில் திரும்ப வர வேண்டும். திரும்பும் வழியில் இணைப்பு அறுந்தால் உங்கள் வங்கி ஒப்புக்கொண்டிருக்கும். மேசையில் இருக்கும் இயந்திரமோ நிறைவேறவில்லை என்று காட்டும். இப்படி ஆனால் இயந்திரம் தானாகவே ஒரு ரத்துச் செய்தி அனுப்ப வேண்டும். அது போய்ச் சேராவிட்டாலோ, அன்றிரவு கணக்கு முடிக்கும்போது அந்தப் பரிவர்த்தனையும் அன்றைய கார்டு வரவுகளின் தொகுப்பில் சேர்ந்துவிட்டாலோ, பணம் உண்மையிலேயே எடுக்கப்பட்டுவிடும்.

இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வங்கிச் செயலியில் ‘நிலுவை’ என்று நிற்கும் தொகை வெறும் பிடித்தம், அதாவது தற்காலிகமாக ஒதுக்கி வைக்கப்பட்டது. பெரும்பாலும் சில நாள்களில் தானே விழுந்துவிடும். தங்குமிடங்கள் போடும் பிடித்தம் 30 நாள் வரைகூட நிற்கலாம். அதற்காக உடனே புகார் கொடுத்தால், காத்திருங்கள் என்றுதான் வங்கி சொல்லும். உங்களுடையது கணக்கறிக்கையில் பதிவாகிவிட்ட தொகை. அது தானாக விழாது.

தொகையும் உங்களுக்குத் துணை நிற்கிறது. மீதிப் பணத்துக்காக முன்பதிவில் இருந்த கார்டு எண்ணைப் பிறகு யாரோ தட்டச்சு செய்து எடுத்திருந்தால், அது குரோனாவில் எடுக்கப்பட்டு வேறொரு தொகையாக வந்திருக்கும். அறிக்கையில் இருப்பது வரவேற்பு மேசைத் திரை காட்டிய அதே 362. ஆகவே நிறைவேறவில்லை என்று சொல்லப்பட்ட அந்தப் பரிவர்த்தனைதான் நிறைவேறியிருக்கிறது. ஹாஸ்டல் பொய் சொல்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். கார்டு வரவு அவர்கள் வங்கிக் கணக்கில் அன்றைய மொத்தத் தொகையாக விழும். மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுபவருக்கு அதன் உள்விவரம் தெரியாமல் இருக்கலாம்.

எனவே அவர்களுக்கு இன்னொரு முறை எழுதுங்கள். இந்த முறை பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு முன் இரண்டு வேலைகளைச் செய்து தரச் சொல்லுங்கள். ஒன்று, 5,600 குரோனா ரொக்கமாகப் பெற்றுக்கொண்டதற்குத் தேதியிட்ட ரசீது. செக் நாட்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வாடிக்கையாளர் கேட்டால் விற்பவர் ரசீது தரக் கடமைப்பட்டவர். இரண்டு, அந்த நாளின் கார்டுத் தொகுப்பில் உங்கள் பரிவர்த்தனை இருக்கிறதா என்று அவர்கள் வங்கியிடம் கேட்டுப் பார்ப்பது. தேதி, நேரம், 362 வெள்ளி, கார்டின் கடைசி நான்கு எண்கள், ஒப்புதல் எண் ஆகியவற்றைக் கொடுங்கள். ஒப்புதல் எண்ணை உங்கள் வங்கி தரும். முழுக் கார்டு எண்ணையும் பின்பக்க மூன்று இலக்கத்தையும் மின்னஞ்சலில் ஒருபோதும் எழுதாதீர்கள். ஏழு நாள் கெடு கொடுங்கள். அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

வங்கியிடம் எப்படிச் சொல்வது

மோசடி என்று புகார் செய்யாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். கார்டைச் செருகியவர் நீங்கள். மோசடி என்று எழுதினால், சிப் முறைப்படி படிக்கப்பட்ட பதிவை வங்கி எடுத்துக்காட்டும், புகார் அங்கேயே முடிந்துவிடும். கார்டு தொலைந்தாலோ திருடுபோனாலோ, உடனே தெரிவித்த, கவனக்குறைவு இல்லாத வாடிக்கையாளரின் பொறுப்பு 100 வெள்ளிக்கு மேல் போகாது என்று சிங்கப்பூர் வங்கிகளின் நடைமுறை விதி சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு உங்கள் விவகாரத்துக்குப் பொருந்தாது.

நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: “இதே சேவைக்கு வேறு வழியில் பணம் கட்டிவிட்டேன்.” கார்டு வலையமைப்புகளின் விதிகளில் இதற்கென்றே தனி வகை இருக்கிறது. புகார்ப் படிவத்தில் அதைத் தேர்ந்தெடுங்கள். முன்பதிவு உறுதிச்சீட்டு, 362 வெள்ளி இருக்கும் அறிக்கைப் பக்கம், அதே நாளில் ஏடிஎம்மில் எடுத்ததைக் காட்டும் டெபிட் கணக்குப் பதிவு, ஹாஸ்டலின் மின்னஞ்சல் ஆகியவற்றை இணையுங்கள். கார்டு முயற்சியும் ஏடிஎம்மில் எடுத்ததும் அடுத்தடுத்து நடந்ததை நேரம் குறித்துச் சொல்லுங்கள். சித்தி மகளின் கையொப்பமிட்ட நான்கு வரிக் குறிப்பும் சேர்ந்தால் நல்லது. ரசீது வந்ததும் அதையும் சேருங்கள். வராவிட்டாலும் இவை போதும் என்றே கருதுகிறேன்.

கெடு பற்றிக் கவலைப்பட வேண்டும். இத்தகைய புகார்களுக்கு வலையமைப்பு விதிகள் தரும் காலம் பொதுவாக 90 முதல் 120 நாள். உங்களுக்கு ஏறக்குறைய 50 நாள் கழிந்துவிட்டது. வங்கி தன் வாடிக்கையாளருக்கு வைத்திருக்கும் கெடு இதைவிடக் குறைவாக இருக்கலாம். கணக்கறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். ஆகவே ஹாஸ்டலின் பதிலுக்குக் காத்திருக்காமல் இன்றே வங்கியை அழைத்துப் புகாரைப் பதிந்து, எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆதாரங்கள் பின்னால் போகலாம்.

கார்டை ரத்து செய்யாதீர்கள். பதிவான தொகை அதனால் மறையாது. திரும்பி வரும் பணம் மூடிய எண்ணுக்கு வந்து வழிதேடி அலையும். கோபத்தில் அந்த மாதத் தொகையைக் கட்டாமல் விடவும் வேண்டாம். தாமதக் கட்டணம் 100 வெள்ளியை ஒட்டி வரும், வட்டியும் ஏறும். சர்ச்சைக்குரிய 362 வெள்ளியை விசாரணை முடியும்வரை தள்ளிவைக்க முடியுமா என்று வங்கியிடம் கேளுங்கள். முடியாது என்றால் முழுவதையும் கட்டிவிட்டுப் புகாரைத் தொடருங்கள்.

வங்கி வழியாகப் பணத்தை இப்படித் திரும்பக் கேட்பதற்கு சார்ஜ்பேக் என்று பெயர். சட்டம் தரும் உரிமை என்று பலர் நினைக்கிறார்கள். இது விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புகளின் விதி. உங்கள் வங்கி வழக்கை எடுத்துப் போகும், ஹாஸ்டலின் வங்கி மறுக்கலாம், ஆதாரம் வலுவாக இருக்கும் பக்கம் தீரும். நடுவில் தற்காலிகமாக வரவு வைத்தால், அதைச் செலவழிக்காமல் வையுங்கள்; ஹாஸ்டல் வென்றால் திருப்பி எடுக்கப்படும். 3.62 வெள்ளிக் கட்டணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஏடிஎம் கட்டணம் கிடைக்காது.

மற்ற கதவுகள்

சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். ஆனால் எதிர்த்தரப்பு பிராகில் இருக்கிறது. இங்கே ஆணை வாங்கினாலும் அங்கே நிறைவேற்றுவது நடைமுறையில் நடக்காது. பயனீட்டாளர் சங்கத்துக்கும் வெளிநாட்டு ஹாஸ்டலை நெருக்கும் வலு இல்லை. ஐரோப்பியப் பயனீட்டாளர் மையங்கள் ஐரோப்பிய ஒன்றியம், நார்வே, ஐஸ்லாந்து ஆகியவற்றில் வசிப்பவர்களுக்காக இருப்பவை. காவல்துறைக்கு இதில் வேலை இல்லை. உங்கள் வங்கியே புகாரைச் சரியாக விசாரிக்காமல் மறுத்தால் மட்டும், நிதித்துறைச் சச்சரவுகளைத் தீர்க்கும் ஃபிட்ரெக் அமைப்புக்குப் போகலாம். அதற்கு வங்கியின் இறுதிப் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

வெள்ளியை அழுத்தியதன் விலை

இது தனி விஷயம். இந்தப் பணம் திரும்பாது. நீங்கள் சொல்லும் அன்றைய விகிதப்படி ஒரு வெள்ளிக்கு 16.5 குரோனா என்றால், 5,600 குரோனா ஏறக்குறைய 339 வெள்ளிதான். இயந்திரம் கேட்டது 362. அந்த 23 வெள்ளி, நாணயத்தை அங்கேயே மாற்றிக் கொடுப்பவர் வைத்த இலாபம். வணிகருக்கும் அதில் பங்கு போகலாம். வெளிநாட்டு வணிகர் வெள்ளியில் வசூலித்தாலும் சிங்கப்பூர் வங்கிகள் பல 1 விழுக்காடு எடுக்கும். உங்கள் 3.62 அதுதான். ஆக 365.62. குரோனாவையே தேர்ந்தெடுத்து, வழக்கமான 3.25 விழுக்காட்டு வெளிநாட்டுக் கட்டணத்தைக் கட்டியிருந்தாலும் ஏறக்குறைய 350 வெள்ளியோடு முடிந்திருக்கும். யூடிரிப், வைஸ் போன்ற பலநாணய அட்டையில் 340ஐ ஒட்டியிருக்கும்.

திரையில் தெரிவு கொடுக்கப்பட்டு நீங்களே அழுத்தியதால் இதில் புகார் நிற்காது. கேட்காமலே மேசையில் இருப்பவர் வெள்ளியை அழுத்தியிருந்தால் புகார் செய்யலாம். ஆகவே எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அந்த நாட்டுப் பணத்தையே எப்போதும் தேர்ந்தெடுங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். அங்கே ‘மாற்று விகிதத்தை ஏற்கிறேன்’ என்ற பொத்தான் பெரிதாகவும், ‘மாற்றாமல் தொடர்க’ என்பது ஓரமாகவும் இருக்கும். ஓரத்தில் இருப்பதை அழுத்துங்கள், பணம் வரும்.

டிரெஸ்டன் விவகாரத்தில் தோழி சொன்னது பாதி சரி. 2018 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் கார்டுக்கென்று கூடுதலாக வாங்கத் தடை உண்டு. ஆனால் அந்தத் தடை அங்கே வழங்கப்பட்ட தனிநபர் கார்டுகளுக்கானது. சிங்கப்பூர் கார்டு அதற்குள் வராது. சில நாடுகள் தங்கள் சட்டத்தில் எல்லாக் கார்டுகளுக்கும் தடை போட்டிருக்கின்றன. ஜெர்மனியின் தடை ஒன்றியத்தின் எல்லையைத் தாண்டவில்லை. அந்த 2 விழுக்காட்டை விட்டுவிடுங்கள்.

டிசம்பர்ப் பயணத்துக்கு

உங்கள் அப்பாவின் பயம் நியாயமானது, தீர்வு மட்டும் பொருந்தாது. ரொக்கம் ஒருமுறை கைமாறிவிட்டால் அதைத் திரும்பப் பெற்றுத் தர வங்கியோ வலையமைப்போ வராது. எட்டுப் பேர் படுக்கும் அறையில் பத்து நாள் செலவுக்கான நோட்டுகளை வைத்துக்கொண்டு தம்பியும் நீங்களும் நிம்மதியாகத் தூங்க முடியாது. வாடகை போன்ற பெரிய தொகைக்குக் கார்டு; வைப்புத்தொகை, சாப்பாடு, பேருந்து போன்ற சிறியவற்றுக்கு ரொக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அப்பாவிடமும் இப்படியே கணக்குப் போட்டுக் காட்டலாம்.

முன்பதிவு செய்யும் முன் அந்த ஹாஸ்டலின் பக்கத்தில் கட்டண விதிகளைக் கடைசி வரி வரை படியுங்கள். ‘ரொக்கம் மட்டும்’, ‘கார்டுக்கு 3 விழுக்காடு கூடுதல்’, ‘சாவிக்கு வைப்புத்தொகை’ எல்லாம் அங்கேதான் இருக்கும். பல தளங்களில் முன்பணமாகப் போகும் சிறு பங்கு தளத்துக்குரியது. ரத்து செய்தால் அது திரும்பாமல் போகலாம். முழுப் பணத்தையும் கட்டிவிட்டோம் என்று நினைத்துப் போய் வரவேற்பு மேசையில் திகைப்பவர்கள் ஏராளம்.

தாய்லாந்தின் பாட் நோட்டுகளை இங்கேயே மாற்றிக்கொண்டு போங்கள். முஸ்தபாவிலும் சேஞ்ச் ஆலியிலும் உள்ள நாணயமாற்றுக் கடைகளில் பாட்டுக்குப் போட்டி அதிகம், விகிதம் நன்றாக இருக்கும். தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் எடுக்கும். 1,000 பாட் எடுத்தால் அது 22 விழுக்காடு. 10,000 எடுத்தால் 2.2. ஆகவே அடிக்கடி சிறிதாக எடுப்பது நட்டம். கடன்பற்று அட்டையில் ரொக்கம் எடுப்பதை அவசரத்துக்குக்கூட யோசித்துச் செய்யுங்கள்: கட்டணம் பொதுவாக 8 விழுக்காடு, எடுத்த நாளிலிருந்தே ஆண்டுக்கு 28 விழுக்காட்டை ஒட்டிய வட்டி.

ஹாஸ்டல்காரர் சிங்கப்பூரின் உடனடிப் பணம் அனுப்பும் சேவையான பேநவ் வழி, அதே போன்ற தாய்லாந்துச் சேவையான பிராம்ட்பேக்கு அனுப்பச் சொல்லலாம். வசதியானதுதான். ஆனால் அது ரொக்கம் கொடுத்ததற்குச் சமம், சார்ஜ்பேக் கிடையாது. அங்கே போய் அறையைப் பார்த்த பிறகு அனுப்புங்கள். முன்கூட்டியே அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதேபோல், “கார்டை மறுபடி உறுதிசெய்யாவிட்டால் முன்பதிவு ரத்தாகும்” என்று இணைப்போடு வரும் செய்தி, முன்பதிவுத் தளத்தின் உரையாடலுக்குள்ளேயே வந்தாலும் தொடாதீர்கள். ஹாஸ்டல் கணக்கைத் திருடியவர்கள் அந்த வழியாகவே எழுதுகிறார்கள். ஐயம் இருந்தால், மோசடி பற்றி ஆலோசனை தரும் ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண் 1799ஐ அழைக்கலாம்.

புறப்படும் முன் மூன்று வேலைகள். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள். பல சிங்கப்பூர் அட்டைகளில் வெளிநாட்டு ஏடிஎம் வசதி இயல்பாக அடைக்கப்பட்டிருக்கும். ஒரு வெள்ளிச் செலவுக்கும் அறிவிப்பு வரும்படி வரம்பைக் குறைத்து வையுங்கள். பரிவர்த்தனையை உறுதிசெய்ய வங்கி தரும் மின்னிலக்க டோக்கன் கைத்தொலைபேசியில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். குறுஞ்செய்தியை மட்டும் நம்பினால் அங்கே சிம் மாற்றியதும் சிக்கல். வைப்புத்தொகைப் பிடித்தத்துக்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். அதில் உங்கள் சேமிப்பிலிருந்து பணமே நிற்கும். கடன்பற்று அட்டையில் வரம்பு மட்டும் குறையும்.

இயந்திரம் மறுபடியும் நிறைவேறவில்லை என்று சொன்னால், உடனே ரொக்கத்தை நீட்டாதீர்கள். செயலியைத் திறந்து, ஒப்புதல் அறிவிப்பு வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால் மேசையில் இருப்பவரிடம் காட்டி, அந்தப் பரிவர்த்தனையை ரத்து செய்து சீட்டுத் தரச் சொல்லுங்கள். வரவில்லை என்றால், தோல்வியைக் காட்டும் சீட்டை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். அதைக் கையில் வாங்கிய பிறகு வேறு கார்டையோ ரொக்கத்தையோ கொடுங்கள். ரொக்கம் என்றால் பெயர், தேதி, தொகை, ‘ரொக்கம்’ என்ற குறிப்பு நான்கும் உள்ள ரசீதை வாங்கி அங்கேயே படம் எடுங்கள். ரசீதுப் புத்தகம் இல்லை என்றால் முன்பதிவுத் தாளிலேயே எழுதிக் கையொப்பம் போடச் சொல்லலாம்.

சாவிக்கான வைப்புத்தொகைக்கும் இதே விதிதான். கிளம்பும் நாளில் விடியற்காலை விமானம் என்றால், அந்த நேரத்தில் வரவேற்பு மேசையில் ஆள் இருப்பார்களா என்று வந்த அன்றே கேளுங்கள். இல்லை என்றால் முதல் நாள் இரவே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.